வான்டஹே வீட்டின் அக்டோபர் கடைசி வாரம்

அக்டோபர் கடைசி வாரம் வந்துவிட்டால் லோர்னா வான்டஹேவுக்கு உட்கார நேரம் இருக்காது. பகல் முழுக்கப் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசை வேலை. வீட்டுக்கு வந்தால் மகன் கால்வினுக்குப் பள்ளி பேண்டு வாத்தியக் குழுவின் ஒத்திகை, மகள் ஹேட்டிக்கு ஸ்கவுட் கூட்டம், ஸ்கவுட்டுக்காக விற்க வேண்டிய பாப்கார்ன் டப்பாக்கள் காரின் பின்சீட்டில். இத்தனைக்கும் நடுவில் ஹாலோவீன், பிள்ளைகள் வேஷம் போட்டு வீடுவீடாக மிட்டாய் வாங்கப் போகும் பண்டிகை. அந்த வாரம் அவள் ராத்திரிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான் சாப்பிடுவாள். அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கிற குடும்பம் நன்றாக இருக்கிற குடும்பம் என்று அவள் நம்பினாள்.

கணவன் ரஸ்ஸுக்கு நாற்பத்தெட்டு வயது. விஸ்கான்சின் ஆற்றங்கரைக் காகித ஆலையில் எலக்ட்ரீஷியன். ஹேட்டி முதல் வகுப்பில் சேர்ந்தபோது, அவளுக்காகவே குட்டி ஸ்கவுட்டுகளின் ஒரு குழுவுக்குத் தலைவனாகப் பொறுப்பெடுத்தவன். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குத் தீ மூட்டவும் கூடாரம் அடிக்கவும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான்.

இந்த வருஷம் ஹேட்டி கலங்கரை விளக்கமாக வேஷம் போடப்போவதாகச் சொல்லிவிட்டாள். சூனியக்காரி, பூனை, இளவரசி எதுவும் வேண்டாம். சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த அட்டைக் கோபுரம், தலைக்கு மேலே நிஜமாகவே எரிகிற விளக்கு. திங்கள்கிழமை சாயங்காலம் சாப்பிடக் கூப்பிட லோர்னா கராஜுக்குப் போனபோது, ரஸ் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் பேட்டரிப் பெட்டி, கையில் இரண்டு ஒயர்.

"இதுல எது எதோட போகும்?" என்றான்.

"என்னையா கேக்கற? ஆலையில மொத்த மெஷினுக்கும் கரண்டு குடுக்கறவன் நீ. சூப் ஆறுது, வா."

அவன் சிரித்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கால்வின்தான் போய், அரை நிமிஷத்தில் விளக்கை எரியவைத்துவிட்டு வந்தான். "அப்பா என்னைச் சோதிச்சுப் பாக்கறாருன்னு நெனச்சேன்" என்றான் சூப்பைக் கலக்கிக்கொண்டே. லோர்னா அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். வாசலில் வைக்கப் பரங்கிக்காயில் கண்ணும் வாயும் குடைந்தாகவேண்டும், விதை எல்லாம் மேசையில் கொட்டிக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை கால்வினை ஒத்திகையிலிருந்து கூட்டிவர வேண்டியது ரஸ்ஸின் முறை. பையன் தன்னுடைய ட்ராம்போன் குழலைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தே வந்தான். சமையலறைத் தரையெல்லாம் ஈரம்.

"உன் தலையை எங்க கழட்டி வச்சுட்டு வந்த?" என்று லோர்னா ரஸ்ஸைப் பிடிபிடியென்று பிடித்தாள். "ஒரே ஒரு வேலை. இந்த வீட்ல மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன், உனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை."

"சாரி. ஆலையில நேரமாயிடுச்சு."

அவனுடைய சாப்பாட்டு டப்பா அப்போதே கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவன் நேரத்தோடு வீடு வந்து சும்மா உட்கார்ந்திருந்தான் என்பதற்கு அது போதும். லோர்னா அதைப் பார்த்தாள். பார்த்தும், அதைப்பற்றி யோசிக்க அன்றைக்கு அவளிடம் இடமில்லை.

வியாழக்கிழமை ஸ்கவுட் கூட்டம், வழக்கம்போல லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தள அறையில். இறுகாத கண்ணி முடிச்சு போடக் கற்றுக்கொடுக்கும் நாள். ரஸ் கயிற்றை உயர்த்திப் பிடித்தான். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். லோர்னா பின்னால் நின்று ஆப்பிள் சாறு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"முயல் வளையிலேர்ந்து வெளிய வருது" என்று, முடிச்சு மறக்காமல் இருக்கச் சொல்லும் கதையை ஆரம்பித்தான் ரஸ். கயிற்று நுனி வளையத்துக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தது. "வெளிய வந்து..."

நிறுத்தினான்.

"வெளிய வந்து?" என்றது ஒரு குரல்.

"வெளிய வருது..."

"முயல் தொலைஞ்சு போச்சு!" என்று ஒரு பையன் கத்தினான். எல்லோரும் கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்தார்கள். ரஸ்ஸும் சிரித்தான். ஆனால் அவன் கழுத்து காதுவரை சிவந்துபோயிருந்தது. ஹேட்டி எழுந்து போய், அப்பாவின் கையிலிருந்த கயிற்றை மெல்ல வாங்கி, "மரத்தைச் சுத்துது, திரும்ப வளைக்குள்ள போயிடுது" என்று முடித்துக் காட்டினாள்.

துணைத் தலைவி ரோண்டா லோர்னாவின் பக்கத்தில் வந்து நின்றாள். "ரஸ்ஸுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"தூக்கம் பத்தல. எங்க வீட்ல யாருக்குத்தான் பத்துது?" என்றாள் லோர்னா. சொல்லும்போதே அவளுடைய குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஹாலோவீன். பள்ளியில் கால்பந்துப் போட்டி இருந்ததால் கால்வின் பேண்டோடு போய்விட்டான். லோர்னா வாசலில் மிட்டாய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். ரஸ் ஹேட்டியைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். கோபுரம் அவள் முழங்கால்வரை இருந்ததால் குட்டிக்குட்டி அடியாகத்தான் நடக்க முடிந்தது. தெருமுனை திரும்பும்வரை விளக்கு ஆடி ஆடிப் போவதை லோர்னா பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. மழையோடு ஈரப்பனியும் விழ ஆரம்பித்தது. எலும்புக்கூடுகளும் தீயணைப்புக்காரர்களும் வந்து வந்து போனார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து ரஸ் வந்தான். வந்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, அடுத்து வந்த குழந்தைக்குக் கிண்ணத்திலிருந்து ஒரு சாக்லேட் எடுத்துப் போட்டான்.

"ஹேட்டி எங்க?"

"உள்ள இல்லையா?"

"ரஸ், அவ உன்கூடதானே வந்தா."

அவன் தன் கையைப் பார்த்தான். ஹேட்டி மிட்டாய் வாங்கப் பையாக எடுத்துப்போன தலையணை உறை, பாதி மிட்டாயோடு, அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரோ அங்கே மாட்டிவிட்டுப் போனதுபோல அவன் பார்த்த அந்தப் பார்வையில் லோர்னாவுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. ஒயர், மழை, கயிறு, எல்லாம் ஒரே சமயத்தில். அதற்காக நிற்க நேரமில்லை. கிண்ணத்தைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

"கலங்கரை விளக்கம் வேஷம் போட்ட பொண்ணைப் பாத்தீங்களா?" என்று வீட்டுக்கு வீடு கேட்டாள். ஜனங்கள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். "பாத்தோமே, நல்லா வெளிச்சம் அடிச்சுக்கிட்டுப் போச்சு!" அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சிலர் டார்ச்சோடு கூட வந்தார்கள்.

மூன்று தெரு தள்ளி, சலவைக்கடை வாசலில் ஹேட்டி நின்றுகொண்டிருந்தாள். அட்டை நனைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்த அட்டையோடு உட்காரவே முடியாது. அவ்வளவு நேரமும் அவள் நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறாள். லோர்னா தொட்டதும்தான் அழுகை வந்தது.

"நீ ஏம்மா நேரா வீட்டுக்கு வரல? வழி தெரியுமே உனக்கு."

"அப்பா இங்கயே நிக்கச் சொன்னாரு." மூக்கை உறிஞ்சினாள். "பையைக் குடுத்துட்டு சாஞ்சுபோன கோபுரத்தை நிமித்திட்டு இருந்தேன். அப்பா கிட்ட வந்து, 'என்ன கண்ணு, தொலைஞ்சு போயிட்டியா? உங்க அப்பா அம்மா யாரு?'ன்னு கேட்டாரு. விளையாடறாருன்னு நெனச்சு, 'ஆமா சார், தொலைஞ்சுட்டேன்'னு சொல்லிட்டேன். 'பயப்படாத, நகராம நில்லு, யாரையாவது கூட்டிட்டு வரேன்'னு சொல்லிட்டுப் போனாரு. ரொம்ப அன்பா சொன்னாரும்மா. நான் விளையாடியிருக்கக் கூடாதா?"

லோர்னா அட்டையைக் கிழித்துக் கழற்றி, குழந்தையைத் தன் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஸ்கவுட்டுகள் காட்டில் ஒரு ராத்திரி தங்கப் போவதாக ஏற்பாடு. ரஸ் விடிந்ததும் தன்னுடைய தூக்கப் பையைச் சுருட்டிக் கட்டி, சீருடைச் சட்டை போட்டு, வாசலில் தயாராக நின்றான். முந்தின நாள் நடந்தது ஊரெல்லாம் தெரிந்திருந்தது. ரோண்டா வேனை நிறுத்தி இறங்கி வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இந்தத் தடவை நீ வேண்டாம் ரஸ். மத்த அப்பா அம்மாங்க கூப்பிட்டுப் பேசினாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன்."

"சரிதான்" என்றான் ரஸ். ஹேட்டியின் பையை வேனில் ஏற்றிவிட்டு, கதவைச் சாத்தி, இரண்டு தட்டு தட்டினான். ஹேட்டி கண்ணாடி வழியாகக் கை ஆட்டவில்லை. மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்ததும் லோர்னா கேட்டாள், "எத்தனை நாளா?"

அவன் மேசையில் உட்கார்ந்தான். "ஆகஸ்ட்ல டாக்டரைப் பாத்தேன். க்ரீன் பே ஆஸ்பத்திரில. மூளையைப் படம் எடுத்துப் பாத்தாங்க. சின்ன வயசுலயே வர்ற மறதி நோயாம்."

"மருந்து?"

"கொஞ்ச நாள் மெதுவாக்குமாம். நிறுத்தாதாம்."

"ஆகஸ்டா! மூணு மாசமா எங்கிட்ட வாயைத் திறக்கல நீ. உன்கூட குழந்தையை அனுப்பினேனே ரஸ்!"

"சொல்லணும்னுதான் இருந்தேன். ஸ்கூல் திறக்கட்டும்னு பாத்தேன். அப்புறம் பாப்கார்ன் விற்பனை. அப்புறம் ஹாலோவீன். இந்த வீட்ல ஒரு வாரம் காலியா வரட்டும், உக்காந்து சொல்லலாம்னு பாத்தேன் லோர்னா. காலியா ஒரு வாரம்கூட வரல."

லோர்னாவுக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவன் தலையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்றாள்.

"உங்க அப்பா" என்றாள் திடீரென்று. ரஸ்ஸின் அப்பா ஐம்பத்துமூன்று வயதில் ஒரு பராமரிப்பு இல்லத்தில், பெற்ற பிள்ளைகளின் பேர் தெரியாமல் செத்துப்போனவர். குடிதான் காரணம் என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"குடி இல்ல" என்றான் ரஸ். "இதே நோய்தான்."

"அப்படின்னா பசங்களுக்கு?"

மாடிப்படியில் கட்டை முனகியது. கால்வின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். திரும்பி மேலே போனான். கொஞ்ச நேரத்தில் ட்ராம்போன் சத்தம் கேட்டது. ஒரே சுரம், நீளமாக, மூச்சு முட்டும்வரை. அது நின்றது. மறுபடி அதே சுரம்.

ஞாயிற்றுக்கிழமை, குளிர்காலத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைக்கும் நாள். வருஷா வருஷம் அது ரஸ்ஸின் வேலை. லோர்னா துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தபோது, சமையலறைக் கடிகாரம் ஒரு நேரம் காட்டியது, அடுப்பு ஒன்று, கூடத்துச் சுவர்க் கடிகாரம் இன்னொன்று. திருப்பி வைத்ததை மறந்து மறந்து மறுபடியும் மறுபடியும் திருப்பியிருக்கிறான். இப்போதும் நாற்காலி மேல் ஏறி நின்று கூடத்துக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இது ஒண்ணுதான் பாக்கி" என்றான், வேலை தெரிந்த ஆள் சொல்கிற மாதிரி.

"சரி" என்றாள். அவன் இறங்கும்வரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவன் குட்டித்தூக்கம் போட்டபோது எல்லாவற்றையும் தன் போனைப் பார்த்துச் சரிசெய்தாள். கடைசிக் கடிகாரத்தை ஆணியில் மாட்டினாள். இனிமேல் இப்படித்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் செய்வான், அவள் பின்னாலேயே போய்ச் சரிசெய்வாள். ஒருநாள் செய்வதையும் விட்டுவிடுவான். அந்த நாளை நினைத்தால் இந்த நாளே மேல் என்று தோன்றியது. அதைவிடக் கொடுமை வேறு ஒன்றும் அவளுக்கு அப்போது தெரியவில்லை.

ஹேட்டி முகாமிலிருந்து புகை நாற்றத்தோடு வந்து, யாரிடமும் பேசாமல் படுத்துவிட்டாள்.

திங்கள்கிழமை காலை அம்மாவும் மகளும் தெருமுனையில் பள்ளி பஸ்ஸுக்காக நின்றார்கள். புல்வெளிகளில் பரங்கிக்காய்கள் உறைபனியில் கறுத்து, வாய் உள்வாங்கிக் கிடந்தன. லோர்னா பல் டாக்டரிடம் லீவு சொல்லியிருந்தாள். பேண்டுப் பொறுப்பாசிரியருக்கும் ரோண்டாவுக்கும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஆறுதலுக்கு கேசரோல் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். அதற்கும் அவள் இன்னும் தயாராகவில்லை.

"அம்மா."

"ம்."

"அப்பா என்னை மறுபடியும் மறந்துடுவாரா?"

பத்து வருஷமாக இந்தப் பெண்ணிடம் லோர்னா நல்லதாகவே சொல்லி வந்திருக்கிறாள். ஊசி வலிக்காது, செத்த நாய்க்குட்டி நிம்மதியாக இருக்கிறது, எல்லாம் சரியாகிவிடும். வாய் பழக்கத்தில் திறந்தது. அந்த வார்த்தை வரவில்லை.

"ஆமாடா கண்ணு" என்றாள். "மறந்துடுவாரு."

ஹேட்டி பையின் பட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. கணக்கில் புதிதாக ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறபோது அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"அப்போ நான் யாருன்னு சொல்லணுமா?"

"சொல்லணும்."

"தினமுமா?"

பஸ் மஞ்சளாகத் திருப்பத்தில் வந்து நின்றது, கதவு திறந்தது. லோர்னாவால் தலையைத்தான் அசைக்க முடிந்தது. ஹேட்டி ஏறி, டிரைவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வழக்கமாக உட்காரும் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பஸ் போய்விட்டது. வீட்டில் ரஸ் தனியாக இருக்கிறான் என்பது ஞாபகம் வந்து, லோர்னா வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.