சாப்பிடு என்று சொல்லக்கூடாத அறை

என் வாய்க்குப் பூட்டுப் போட யாராலும் முடியாது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். நான் பேருந்து நடத்துனர். நாள் முழுக்கக் கத்திக் கத்தி, வீட்டில் உப்புக் கேட்டால்கூடக் கடைசி இருக்கைவரை கேட்கும் குரல்தான் வரும். அப்படிப்பட்ட என்னைக் குழந்தைகள் மருத்துவமனையின் ஒரு குட்டி அறையில், குட்டை மேசைக்கு முன்னால், அதைவிடக் குட்டையான நாற்காலியில் உட்காரவைத்து, இனிமேல் பிள்ளையிடம் 'சாப்பிடு' என்ற வார்த்தையை எடுக்கவே கூடாது என்றார் ஒரு பெண்மணி.

அவர் விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட். அந்த வார்டுப் பிள்ளைகளுக்கு அவர் சாப்பாட்டு டீச்சர். நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

எங்கள் வாண்டு பிறக்கும்போதே உணவுக்குழாய் வயிற்றோடு சேராமல் பாதியில் நின்றிருந்தது. குழந்தைகளுக்கென்றே அறுவை சிகிச்சை செய்யும் சர்ஜன் அதைச் சேர்த்துத் தைத்தார். பிறகு சுருங்கிய இடத்தை இரண்டொரு முறை விரித்தும் விட்டார். அதுவரை உயிர் தங்க வேண்டுமே என்று வயிற்றில் ஒரு ட்யூப் வைத்து, பாலும் கஞ்சியும் அதன் வழியாகவே போயின. இப்போது அவனுக்கு நாலு வயது ஆகப்போகிறது. உணவுக்குழாய் நன்றாக இருக்கிறது என்று எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டார் சர்ஜன். ஆனால் ஸ்பூனைக் கண்டாலே அவனுக்குக் குமட்டும். வாய் என்பது பேசுவதற்கு மட்டும்தான் என்று நினைத்துவிட்டான். அந்த விஷயத்தில் அப்படியே என் பிள்ளை.

ஒரு வாரம் இங்கே தங்க வேண்டும். வாரக் கடைசியில் சர்ஜன் வந்து பார்ப்பார். அதற்குள் இவன் தானாக எடுத்துச் சாப்பிடத் தொடங்கினால் ட்யூபை எடுப்பதற்கான ஏற்பாடு நடக்கும். இல்லையென்றால் ட்யூபோடு வீட்டுக்குப் போய், அடுத்த முறை இடம் கிடைக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். 

டீச்சரின் சட்டங்கள் எளிமையானவை, மனுஷர்களால் செய்ய முடியாதவை. பிள்ளையின் வாயைப் பார்க்கக் கூடாது. ஊட்டக் கூடாது. கெஞ்சக் கூடாது. அவன் ஏதாவது வாயில் வைத்தால் ஆஹா ஓஹோ என்று புகழவும் கூடாது. நாங்கள் எங்கள் பாட்டுக்குச் சாப்பிட வேண்டும், அவன் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கவனிப்பார். பசி எடுக்கட்டும் என்று ட்யூபில் போகும் பாலையும் அவரே பார்த்துப் பார்த்துக் குறைத்தார்.

இதைக் கேட்டதும் என் கணவர் என்னைத்தான் பார்த்தார். அவர் தையல்காரர். வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும், அதனால் பேச்சு குறைவு. 'இவ வாயாலதான் காரியம் கெடப்போகுது' என்று அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

கெடுத்தது யார் தெரியுமா? அவரேதான். இரண்டாம் நாள் வாண்டு வேகவைத்த உருளைக்கிழங்கைத் தொட்டு, விரலை நக்கினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பட் பட் பட்டென்று கைதட்டல். ஊமைச்சாமி எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார்! பிள்ளை திடுக்கிட்டு விரலைச் சட்டையில் துடைத்தான். அதன்பிறகு மேசைப் பக்கமே வர மாட்டேனென்று அழுதான். டீச்சர் அவரை வராந்தாவில் நிறுத்தி மெதுவாகத் திட்டினார். எனக்கு ஒரு பக்கம் வயிற்றெரிச்சல், இன்னொரு பக்கம், பொய் சொல்வானேன், உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

என் கொண்டாட்டமும் நீடிக்கவில்லை. மறுநாள் நான் ரொட்டியைக் கடித்து, "ம்ம்ம், என்ன ருசி" என்று கண்ணை மூடி ரசித்துக் காட்டினேன். பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தான். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க சாப்பிடலம்மா, நடிக்கிறீங்க. அது அவனுக்கு நல்லாத் தெரியுது. உங்க மனசு பூரா அவன் வாயிலதான் இருக்கு."

வேறு எங்கே இருக்குமாம்? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. நாட்கள் ஓடின. மேசைக்கு வந்து உட்காரும் அளவுக்கு அவன் சமாதானமானான், அதற்கு மேல் ஒரு பருக்கைகூட நகரவில்லை.

கடைசி நாளும் வந்தது. சாயங்காலம் சர்ஜன் வருகிறார். மத்தியானம் ரொட்டி, உருளைக்கிழங்கு, கேரட் சூப் என்று மேசையில் எல்லாம் இருந்தது. எனக்கு ஒன்றுமே இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் கணவர் மெல்ல ஒரு செய்தி சொன்னார். என் ஸ்கூட்டரைத் தன் தம்பிக்குக் கொடுத்திருந்தாராம். தம்பி அதைச் சுவரில் உரசிவிட்டானாம். சின்னக் கீறல்தானாம்.

அந்த ஸ்கூட்டரை நான் யாரையும் தொடவிட மாட்டேன். என்னைக் கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம் என்று பிடித்துக்கொண்டேன். தம்பி என்றால் உங்களுக்கு ஊர் உலகம் தெரியாது என்றேன். அவன் போன வருடம் இஸ்திரிப்பெட்டியை வாங்கிப்போய் எரித்ததையும் இழுத்தேன். ஒரு வார ஆத்திரம் முழுக்க அந்த ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டது. பிள்ளை பக்கத்தில் இருப்பதையே சத்தியமாக மறந்துவிட்டேன்.

மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் ஓரக்கண்ணில் பட்டது. ஒரு சின்னக் கை அப்பா தட்டிலிருந்து உருளைக்கிழங்கை எடுக்கிறது. சூப்பில் தோய்க்கிறது. வாய்க்குப் போகிறது. தாடை அசைகிறது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீச்சர் எழுந்து நின்று, விடாதே, நடத்து நடத்து என்று கையைச் சுழற்றினார்.

அந்த நொடி பார்த்து என் கணவர் தலையைக் குனிந்து, "சரி விடு, தப்பு என்னோடதுதான்" என்றாரே!

கல்யாணமானதிலிருந்து ஒரு தடவைகூட ஒப்புக்கொள்ளாத மனுஷன். எனக்குச் சண்டை வேண்டிய நேரத்தில் சமாதானக்கொடி பிடிக்கிறார். மேசைக்கு அடியில் அவர் காலில் ஓங்கி ஒரு உதை விட்டேன். "எப்படி விடச் சொல்றீங்க?" என்று ஆரம்பித்து, எங்கள் கல்யாணத்தில் என் பெரியப்பாவுக்கு நாற்காலி போடாததுவரை போனேன். அவர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். என் கண் போன பக்கம் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

பிறகு பாருங்கள், அந்த வாயில்லாப் பூச்சி பேசிய பேச்சை! என் குறட்டையில் ஜன்னல் அதிர்கிறதாம். என் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி மிஞ்சாதாம். என் காபியைக் குடித்து அவருக்கு நாக்கே செத்துவிட்டதாம். இத்தனை வருடமாக மனுஷன் இவ்வளவையும் எங்கே வைத்திருந்தாரோ. கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓட, விரலை நீட்டி நீட்டித் திட்டினார். நானும் அழுதுகொண்டே பதிலுக்குப் பதில் கொடுத்தேன். வாசல் கதவருகே ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்துப் பயந்து ஓடினார்.

அப்போது என் முழங்கையை யாரோ இழுத்தார்கள். வாண்டுதான். மூக்கில் சூப், சட்டையெல்லாம் கிழங்கு. அப்பாவின் தட்டு காலி. அதை இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளினான்.

"அம்மா, பசிக்குது."

பிறந்ததிலிருந்து எத்தனையோ வார்த்தை பேசிய பிள்ளை. இந்த வார்த்தையை மட்டும் அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவனைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும், அந்தக் கட்டடமே இடிய ஒரு கத்துக் கத்த வேண்டும் என்று இருந்தது. கிழங்குப் பாத்திரத்தை எடுத்தேன். தினமும் போடுகிறவள் மாதிரி இரண்டு துண்டு எடுத்து அவன் தட்டில் வைத்தேன்.

"இந்தா" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.