குனியக் கூடாத ஆறு வாரம்

செருப்புக் கடையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த மனிதரிடம் போய் இனிமேல் குனியக் கூடாது என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? வாடிக்கையாளர் உட்கார்ந்தால் இவர் முட்டி போடுவார். குதிகாலைப் பிடித்து ஷூவை மாட்டிவிட்டு எழுந்திருப்பார். அதற்குள் அடுத்தவர் வந்து உட்கார்ந்திருப்பார். கடைவீதியில் எல்லாருக்கும் அவர் 'ஷூக்காரர்'தான். குனிந்து குனிந்தே வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோனதாக அவர் சொல்லிக்கொண்டார். வயசும்தான் காரணம் என்றார் டாக்டர். எப்படியோ, தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைத்தாயிற்று.

வீட்டுக்கு அனுப்பும் அன்று பிசியோதெரபிஸ்ட் பெண் விரல்விட்டு எண்ணிச் சொன்னாள்.

"ஆறு வாரத்துக்குக் குனியவே கூடாது. கால் மேல கால் போடக் கூடாது. பாதத்தை உள்பக்கமாத் திருப்பக் கூடாது. தாழ்வா உட்கார்ந்தா முட்டி இடுப்பைவிட மேல போயிடும், அதுவும் கூடாது. தூங்கும்போது ரெண்டு காலுக்கும் நடுவுல தலையணை வேணும். மீறினீங்கன்னா புது மூட்டு கழண்டுக்கும். சரி, வீட்ல கூட யாரு இருக்காங்க?"

அங்கேதான் வந்தது சிக்கல். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. ஒரே மகளுக்கு ஏழாம் மாசம். அவளாலேயே குனிய முடியாது. மருமகன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் அஞ்சு நாள் வெளியூர். மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அப்பா, என் மாமனார் வந்து இருக்கறேன்னு சொல்றாங்க."

ஷூக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பந்தியா! ரிட்டயர்டு லிஃப்ட் இன்ஸ்பெக்டர், வீட்டில்கூட இஸ்திரி கலையாத சட்டை போடுகிற மனுஷன். கல்யாணமாகி மூணு வருஷத்தில் இருவர் பேச்சும் "சௌக்கியமா", "சாப்டீங்களா" தாண்டிப் போனதில்லை. அவர் கையால் உள்ளாடை மாட்டிக்கொள்வதா? நினைத்தாலே உடம்பு கூசியது.

இன்ஸ்பெக்டர் ஒரு பெட்டியோடும் ஒரு அளவு டேப்போடும் வந்து இறங்கினார். வந்ததும் காபிகூடக் குடிக்காமல் வீட்டை அளந்தார்.

"இந்த சோபா ஃபெயில், சம்பந்தி. அந்த நாற்காலியும் ஃபெயில். கட்டில் பாஸ்."

நாற்காலிக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினார். கழிப்பறையில் உயரமான இருக்கையைப் பொருத்தி, தானே நாலு தடவை உட்கார்ந்து எழுந்து பார்த்தார். கால் தடுக்கும் விரிப்பையெல்லாம் சுருட்டிக் கட்டினார்.

முதல் வாரம் ஷூக்காரருக்கு நரகம். கை தன்னால் கீழே போகும். "சம்பந்தீ!" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அந்த மனுஷனுக்கு முதுகிலும் கண் இருக்கிறதா என்று பல்லைக் கடித்துக்கொள்வார். எல்லாவற்றையும்விடக் கொடுமை, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த இறுக்கமான காலுறைதான். தினமும் காலையில் இன்ஸ்பெக்டர் தரையில் முட்டி போட்டு, மூச்சு வாங்க வாங்க, அதனோடு மல்லுக்கட்டுவார். ஷூக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாலாம் நாள் பொறுக்க முடியாமல் வாய்விட்டார்.

"அப்படி இழுக்காதீங்க. குதிகால் வரைக்கும் உள்பக்கத்தை வெளியே திருப்பிக்குங்க. முதல்ல விரலை நுழைச்சுட்டு, அப்புறம் மேல ஏத்துங்க."

காலுறை வழுக்கிக்கொண்டு ஏறியது. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இதை மூணு நாள் முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை. காலுறையை மாட்டிவிட்டு எழுந்திருக்கப் போன இன்ஸ்பெக்டர் "அம்மா!" என்று அலறினார். முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு கையையும் தரையில் ஊன்றியபடி அப்படியே உறைந்துபோனார். ஷூக்காரர் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"குனியாதீங்க!" என்று தரையிலிருந்து சத்தம் வந்தது. "நான் எப்படியோ போறேன், நீங்க குனியாதீங்க!"

ஒருவரால் நிமிர முடியவில்லை, இன்னொருவர் குனியக் கூடாது. போன் அடுத்த அறையில். ஷூக்காரர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, நான் சொல்றதைக் கேளுங்க. முப்பத்திரண்டு வருஷம் முட்டி போட்டு எந்திரிச்சவன் நான். மூச்சை அடக்காதீங்க. இடது முட்டி தரையிலயே இருக்கட்டும். கட்டில் விளிம்பைப் புடிங்க. வலது பாதத்தை மட்டும் முன்னாடி கொண்டாந்து ஊனுங்க. முதுகை மறந்துடுங்க, தொடைதான் தூக்கணும். அவசரமே இல்ல."

பத்து நிமிஷம் பிடித்தது. வேர்த்து விறுவிறுத்துக் கட்டிலில் வந்து உட்கார்ந்தார் இன்ஸ்பெக்டர். முதல்தடவையாக அவர் சட்டை கசங்கியிருந்தது. ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார்கள்.

"மெதுவாங்க, மூட்டு!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சிரிக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லவே இல்லியே!"

சிரிப்பு அடங்கியதும் ஷூக்காரர் கேட்டார். "உங்களுக்கு எதுக்குங்க இந்தத் தலையெழுத்து? மாசம் ஒரு போன் பண்ணி விசாரிச்சிருந்தா போதாதா?"

இன்ஸ்பெக்டர் முதுகைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"போன வருஷம் எம்பையன் லாரியிலேருந்து விழுந்து கிடந்தானே. ரெண்டு மாசம். உங்க பொண்ணு அவனைத் தூக்கி உட்கார வெச்சு, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டா. ஒரு நாள்கூட அவ முகம் சுளிச்சு நான் பாக்கல. இந்தப் பொண்ணை வளர்த்தவருக்கு என்ன செய்யறதுன்னு அன்னிக்கே நினைச்சேன். வாயால சொல்லத்தான் வரல."

மகள் தான் பட்ட பாட்டைப் பற்றி ஷூக்காரரிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. மூணு வருஷமாக விறைப்பான ஆள் என்று தாம் ஒதுக்கி வைத்தவர் மனசில் இது இருந்திருக்கிறது.

அப்புறம் மீதி நாள் போனதே தெரியவில்லை. பழுதான லிஃப்டுக்குள் ஒருநாள் முழுக்கத் தாமே மாட்டிக்கொண்ட கதையை இன்ஸ்பெக்டர் சொன்னார். ஆளைப் பார்க்காமல் காலைப் பார்த்தே குணம் சொல்லும் வித்தையை ஷூக்காரர் சொன்னார். நடுவில் சம்பந்தியம்மா போன் செய்து, "அவரை அங்கேயே வெச்சுக்குங்கண்ணா, இங்க யாரும் எனக்குப் பாஸ் ஃபெயில் போடாம நிம்மதியா இருக்கேன்" என்றார்.

ஆறு வாரம் முடிந்து எக்ஸ்ரே பார்த்த டாக்டர், மூட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது, இனி மெல்ல மெல்லக் குனிந்து பழகலாம் என்றார். மறுநாள் இன்ஸ்பெக்டர் பெட்டியைக் கட்டினார். ஷூக்காரர் கைத்தடியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தார். கடையில் ஒரு நாளைக்கு நூறு தடவை நன்றி சொன்ன வாய், இப்போது திணறியது. தூரத்து வளைவில் பஸ் திரும்புவது தெரிந்தது.

"சம்பந்தி, கூடப் பிறந்தவன் இருந்திருந்தாக்கூட எனக்கு இப்படிச் செஞ்சிருப்பானான்னு தெரியல. நல்லா இருங்க."

இன்ஸ்பெக்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "அட, என்னங்க பெரிசா..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஏறிக்கொண்டார்.

பஸ் மறைகிறவரை நின்றுவிட்டு ஷூக்காரர் வீட்டைப் பார்த்து நடந்தார். தெரு முனை தாண்டியபிறகுதான் உறைத்தது: இவ்வளவு தூரம் வந்தும் இடுப்பில் வலியே இல்லை. எத்தனை வருஷமாயிற்று இப்படி நடந்து! அவசரமில்லாமல், கடைகளைப் பார்த்துக்கொண்டே, சுற்றுவழியாக நடந்து வீட்டுக்குப் போனார்.