ஆனைக்குட்டத்தில் ஒரு கட்டில்

பிள்ளைகள் பெற்றவர்களை முதியோர் இல்லத்தில் தள்ளிவிடுகிறார்கள் என்று பட்டிமன்றத்தில் பேசிக் கைதட்டு வாங்குகிறவர்களை ஒருநாள் ஆனைக்குட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. தள்ளிப் பார்க்கட்டும். நானும்தான் தள்ளிப் பார்த்தேன். கதவு திறந்தால்தானே!

என் அம்மா அன்னபாக்கியம் சிவகாசியில் பல வருஷம் மெஸ் நடத்தியவள். காலண்டர் சீசனில் ஷிஃப்ட் முடித்து வரும் அச்சாபீஸ் ஆட்களுக்கு இட்லி போட்டுப் போட்டே எங்கள் இரண்டு பேரையும் படிக்கவைத்தாள். அண்ணன் ஜாபஸ் சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கிறான். நான் வினோலியா, ஆஸ்பத்திரி நர்ஸ். முட்டி வலி வந்து மெஸ்ஸை மூடிய பிறகு அம்மாவுக்கு வந்த பெரிய வியாதி, பேச ஆளில்லாததுதான். நான் டூட்டிக்குக் கிளம்பிவிட்டால் பால்காரரைப் பிடித்து நிறுத்திக்கொள்வாள். அவர் பாவம், பால் திரிந்துவிடும் என்று கெஞ்சுவார்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் எனக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. என் வீட்டுக்காரர் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார். கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து இருந்ததைவிட ஃபோனில் பேசியதுதான் அதிகம். கிறிஸ்துமஸுக்குள் வந்து சேரவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவை என்ன செய்வது? "மெட்ராஸுக்கு வந்துருங்கம்மா" என்றான் அண்ணன். அம்மா ஒரு வாரம் போய் இருந்து பார்த்தாள். மூன்றாவது மாடி. அண்ணனும் மதினியும் வேலைக்குப் போகும்போது, பாதுகாப்புக்காக, வெளியே பூட்டிக்கொண்டு போனார்கள்.

"ஏட்டி, பாசமாத்தான் பூட்டுனாக. ஆனா பூட்டு பூட்டுதான?" என்றாள் திரும்பி வந்து. "என்னைய ஆனைக்குட்டத்துல சேத்துவிட்டுட்டு நீ நிம்மதியாப் போ."

ஆனைக்குட்டம் அணைக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி முதலாளி தன் தாயார் நினைவாகக் கட்டிய இல்லம் அது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் சாப்பாட்டுக்கூடம். அம்மாவின் சர்ச் சிநேகிதி பொன்மணி அத்தை, வீட்டுக்காரர் இறந்த பிறகு அங்கேதான் இருந்தார். வார்டன் ஆரோக்கியம் அண்ணன் அம்மாவின் பேரை எழுதிக்கொண்டு, "பொம்பளையாளுக பக்கம் நீங்கதாம்மா மொத ஆளு. இடம் காலியானதும் சொல்லிவிடுதேன்" என்றார்.

இடம் எப்படிக் காலியாகும் என்று நாங்கள் கேட்கவில்லை. பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது.

"ஏட்டி வினோலியா, அங்கன யாராச்சும் போய்ச் சேந்தாத்தான் எனக்கு இடமா?"

அன்று குடும்ப ஜெபத்தில், "ஆண்டவரே, எனக்கு அங்கன சீக்கிரமா ஒரு இடம்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். "இருக்கவங்க எல்லாத்தையும் நல்லா வையும். எனக்கும் ஒரு இடம் தாரும். எப்படிங்கிறது உம்ம பாடு" என்று முடித்தாள். நான் ஆமென் சொல்வதற்குப் பதில் சிரித்துவிட்டேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததுதான் சுத்தப் பைத்தியக்காரத்தனம். வார்டன் எங்களை மறந்துவிடக் கூடாதே என்று, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் இல்லத்துக்குப் போக ஆரம்பித்தோம். எங்கள் ஊரில் யாரையும் வெறுங்கையோடு போய்ப் பார்க்கிற வழக்கமில்லை. அம்மா ஒரு வாரம் கொள்ளு ரசம், ஒரு வாரம் முருங்கைக்கீரை சூப், ஒரு வாரம் கருப்பட்டிப் பணியாரம் என்று தூக்குவாளியை நிரப்பினாள். நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று பிரஷர் பார்க்கிற மிஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். யார் உப்பைக் குறைக்கவேண்டும், யார் மாத்திரையை ஜன்னல் வழியே எறிகிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. ஆடி மாதம் இருளம்மாள் ஆச்சிக்கு மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தது. சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. நான் லீவு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து டிரிப் ஏற்றினேன். ஆச்சி எழுந்து உட்கார்ந்து பணியாரம் கேட்டார். அம்மா கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னாள். திரும்பும்போது பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

ஆரோக்கியம் அண்ணனே ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். "பாக்கியம்மா, தப்பா நெனைக்காதீக. நீங்க வர ஆரம்பிச்சதுலருந்து இங்கன சாகக் கெடந்தவககூட எந்திரிச்சு உக்காந்துடுதாக. இப்படியே போனா உங்களுக்கு நான் எப்ப இடம் குடுக்க?"

ஆண்கள் பக்கம் ஞானமுத்து மாமா என்று ஒருவர் இருந்தார். அச்சாபீஸில் மிஷின் ஓட்டியவர், மனைவியை இழந்தவர். கண்ணில் புரை. சாப்பாட்டுக்கூடத்தில் பொன்மணி அத்தைதான் அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவார். நான் மாமாவைக் கண் முகாமுக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்துவைத்தேன். புதுக் கண்ணாடி போட்டுப் பொடி எழுத்துகூடத் தெளிவாக வாசித்தார். ஆனால் அடுத்த ஞாயிறு போனால், அத்தை பழையபடி வாசித்துக்கொண்டிருக்கிறார், மாமா கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்ன மாமா, கண்ணாடி சேரலையா?"

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அவுக சினிமாச் செய்திக்கு ஒரு குரல், சாவுச் செய்திக்கு ஒரு குரல் வச்சு வாசிக்காக. அது கண்ணாடியில வருமா?"

அப்போதாவது எனக்குப் புரிந்திருக்கவேண்டும். எனக்கு என் டிக்கெட்டுக் கவலை. தீபாவளியும் முடிந்தது. பட்டாசுக் கம்பெனிகள் அடைத்துக்கிடந்த அந்த வாரத்தில் ஒருநாள் ஃபோன் வந்தது. அம்மாதான் எடுத்தாள்.

"பாக்கியம்மா, ஒரு இடம் காலியாகுது!" என்று ஆரோக்கியம் அண்ணன் கத்தியது எனக்கே கேட்டது.

அம்மா அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். "ஐயோ, யாருய்யா? இருளம்மாளா? போன வாரம் நல்லாத்தான இருந்தாக?"

"யாரும் போகலம்மா. கல்யாணம்! நம்ம பொன்மணியக்காவுக்கும் ஞானமுத்து அண்ணாச்சிக்கும்!"

தம்பதிகளுக்கென்று அங்கே ஒரு பெரிய ரூம் கட்டியிருக்கிறார்கள். ஜோடியாக யாரும் வராததால் பழைய பாயும் தலையணையும் போட்டு அடைத்துவைத்திருந்தார்களாம். இனி அது அவர்களுக்கு. பொன்மணி அத்தையின் கட்டில் அம்மாவுக்கு. நான் அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன். அம்மா கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கி, துவைத்துக் காயப்போட்டுத் தயாராக இருந்தாள்.

எங்கள் சர்ச்சில் கல்யாணம் என்றால் அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கவேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் அறிவிப்பார். யாரும் எதுவும் சொன்னதில்லை. காணிக்கைக்குச் சில்லறை தேடுகிற நேரம் அது. முதல் ஓலைக்கு நாலைந்து பேர் கைக்குட்டைக்குள் சிரித்ததோடு சரி. இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு, ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். பொன்மணி அத்தையின் மகன் புகழேந்தி. தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன்.

"எனக்குத் தடை இருக்குங்கய்யா."

"என்ன தடை, தம்பி?" என்றார் போதகர்.

"ஊரு சிரிக்கும்யா. இந்த வயசுல அம்மாவுக்குக் கல்யாணம்னா, கம்பெனியில நான் எப்படித் தல நிமிந்து நடக்க?"

இது தடைக் கணக்கில் வராது என்று போதகருக்குத் தெரியும். ஆனாலும் அவர் இளகிய மனசுக்காரர். "குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் மூணாவது ஓலைய நிறுத்திவைக்கேன்" என்றார். பொன்மணி அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஞானமுத்து மாமா எழுந்தார், திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். மற்ற நாளாக இருந்தால் இதற்குள் பொரிந்து தள்ளியிருப்பாள். இப்போது பாட்டுப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குக் காரணம் தெரிந்தது. அந்தக் கட்டில் யாருக்கு என்பது சர்ச்சுக்கே தெரியும். அம்மா வாயைத் திறந்தால் கட்டிலுக்காகப் பேசுகிறாள் என்பார்கள்.

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா, ஒரு வார்த்தை. பொன்மணி கட்டில் எனக்குன்னு எல்லாத்துக்கும் தெரியும். அது எனக்கு வேண்டாம். எனக்கு அடுத்து எம். புதுப்பட்டி சின்னத்தாய் காத்துக்கிடக்கா, அவளுக்குக் குடுத்துருங்க. ஆண்டவர் சந்நிதியில சொல்லுதேன். இப்ப இதுல எனக்கு ஒரு லாபமும் இல்ல. இனி நான் பேசலாம்ல?"

என் வேலை, என் வீட்டுக்காரர், எடுத்த டிக்கெட் எல்லாம் ஒரே நிமிஷத்தில் போச்சு. அம்மா மேல் அப்படி ஒரு கோபம். கோபம் அடங்குவதற்குள்ளேயே அவளை நினைத்துப் பெருமையாகவும் இருந்து தொலைத்தது.

அம்மா புகழேந்தி பக்கம் திரும்பினாள். "ஏலே, ஊரு சிரிக்கும்னு சொல்லுதியே, உங்க அம்மா சிரிச்சு நீ எப்பலே பாத்த? ஞாயித்துக்கெழம மத்தியானம் ஆனைக்குட்டம் வந்து பாரு. பேப்பரக் கையில வச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர அம்புட்டுச் சிரிப்பு சிரிக்கா. நீ மாசாமாசம் ஆப்பிள் வாங்கிட்டு வார. நல்ல பிள்ளதான், நான் இல்லேங்கல. ஆனா ஆப்பிள் பேசுமாலே?"

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பொன்மணி அத்தையேதான். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முந்தானைக்குள்ளிருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். புகழேந்தி தன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தடை இல்லைங்கய்யா" என்றார். எங்கள் சர்ச்சில் ஓலைக்குக் கைதட்டியது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து நான் ஒரு மூச்சு சண்டை போட்டேன். "எனக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு தோணுச்சா உனக்கு?"

"சொன்னா நீ விட்டுருப்பியாட்டி? மெட்ராஸுக்கே போறேன். பூட்டுனாலும் ஜன்னல் இருக்குல்ல? ரோட்டுல போறவகளக் கூப்பிட்டுப் பேசிக்கிடுதேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் புது விரிப்பை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது அவள் கை தடவித் தடவி நின்றதைப் பார்த்தேன். போய்க் கட்டிக்கொண்டு அழுதேன்.

கல்யாணத்துக்குப் புகழேந்தி ஒரு வேன் நிறையப் பட்டாசு கொண்டுவந்து இறக்கினார். வானத்தில் கலர் கலராக விரிகிற ஃபேன்ஸி வெடியைப் பட்டப்பகலில், பன்னிரண்டு மணி வெயிலில் கொளுத்தினால் என்ன தெரியும்? புகையும் சத்தமும்தான். யாரும் கவலைப்படவில்லை. புகழேந்தி தானே ஓடி ஓடித் திரி பற்றவைத்தார். மாப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வானத்தை விட்டுவிட்டுப் பெண்ணையே பார்த்தார். இருளம்மாள் ஆச்சி இரண்டாவது தடவை பிரியாணி வாங்கினார்.

சாப்பாடு முடிந்ததும் ஆரோக்கியம் அண்ணன் வந்தார். அவர் பின்னால் ஆண்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள்.

"பாக்கியம்மா, நீங்க விட்டுக்குடுத்தது பொன்மணியக்கா கட்டில. சின்னத்தாய் நாளைக்கு வந்துருவாக. ஆனா ஒத்த ஆளா யாராச்சும் கல்யாணம் பண்ண முடியுமா? ஞானமுத்து அண்ணாச்சி ரூமும் காலியாத்தான கெடக்கு?"

"அது ஆம்பளையாளுக பக்கம்லாய்யா!"

"கடைசி ரூமு. சமையக்கட்ட ஒட்டி, சாப்பாட்டுக்கூடத்துக்குத் தனி வாசல் இருக்கு. மொதலாளிட்ட கேட்டாச்சு, சரின்னுட்டாக. ஆம்பளைக யாரும் பேரு குடுத்துக் காத்திருக்கவும் இல்ல. கேட்டதே இவுகதான்."

வரிசையில் முன்னால் நின்ற செல்லச்சாமி ஐயா தொண்டையைச் செருமினார். "அந்தப் பக்கம் பொம்பளையாளுக நாளெல்லாம் சளசளன்னு பேசிக்கிடுதாக. எங்க பக்கம் ஒரு பய வாயத் தொறக்க மாட்டான். ஞானமுத்துதான் கொஞ்சம் பேசுவான், அவனும் போயிட்டான். நீங்க வாங்கம்மா. திட்டுனாலும் வஞ்சாலும் பரவாயில்ல."

அம்மா தயங்கினாள். கர்த்தர் சந்நிதியில் கொடுத்த வாக்காயிற்றே! பந்தியில் உட்கார்ந்திருந்த போதகரைப் பார்த்தாள். அவர் வாய் நிறையப் பிரியாணி. "அது வேற கட்டிலும்மா!" என்று கையை ஆட்டினார்.

நான் மஸ்கட் கிளம்பிய அன்று விடைபெற ஆனைக்குட்டம் போனேன். வழியெல்லாம் என்ன சொல்லித் தேற்றுவது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன். ஆண்கள் வராந்தாவில் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் எல்லாரும். யாரோ சொன்னதற்கு, "பொய் சொல்லாதீக ஐயா!" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி, நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

"நேரத்துக்குச் சாப்பிடு. ஃபோன் பண்ணு. சாயங்காலம் மட்டும் பண்ணாத, நாங்க இங்கன பேசிக்கிட்டு இருப்போம். போயிட்டு வாட்டி, பஸ்ஸு வந்துரும்" என்றாள். நான் கேட்டைத் தாண்டுவதற்குள் வராந்தாவில் அவள் குரல் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டது.

பஸ்ஸில் அழுகை தாங்க முடியவில்லை. பக்கத்து சீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னத்தா, வீட்டுல ஏதும் துக்கமா?" என்றார்.

"இல்லக்கா" என்றேன். "எங்க அம்மாவுக்கு இடம் கெடச்சிருச்சு."