மதகின் மேல் நிற்கும் ஆள்

1

இந்தக் கதை எனக்குக் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் கிடைத்தது. கிடைத்தது என்றா சொன்னேன்? எதிர் சீட்டுக்காரன் தன் மடியில் தலையணை உறைக்குள் எதையோ போட்டு, தூங்கும் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தான். "அதுல இன்னா?" என்று நான்தான் கேட்டேன். எனக்கு இந்த மாதிரி விஷயத்தில் கூச்சமே கிடையாது. கூச்சப்பட்டால் எழுத்தாளன் பிழைக்க முடியாது.

உறைக்குள் இருந்தது ஒரு பழைய புத்தகம். அவன் பெயர் ஸ்டீபன். இரும்புக் கம்பி ஆலையில் கிரேன் ஓட்டுகிறான். சம்பளம், ஷிஃப்ட், முதுகுவலி எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் அவன் சேர்ப்பது ஒரே ஒரு வகைப் புத்தகம்: புகைப்படம் ஒட்டிய புத்தகம். புகைப்படத்தை எழுத்தோடு சேர்த்து அச்சடிக்கும் வழி பரவாத காலத்தில், நூறு பிரதி வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்தையும் நூறு தடவை கழுவி, வெட்டி, கோந்து தடவிக் கையால் ஒட்டுவார்களாம். படத்துக்கு மேல் ஒரு மெல்லிய தாள். கீழே அச்சில் ஒரு வரி விளக்கம்.

"மத்த புக்குல இருக்கறது போட்டோவோட படம் சார். இதுல இருக்கறது போட்டோவேதான்" என்றான்.

அடடா, கதை வந்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இதில் நான் தவறுவதே இல்லை.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"ஆலைப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல" — வேண்டாம். சூரியனில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

"ஸ்டீபன் வித்தியாசமான மனிதன்" — வித்தியாசம் இல்லாத மனிதன் ஒருவனைக் காட்டுங்கள், பிறகு எழுதுகிறேன்.

"ஒரு பக்கம் காலியாக இருந்தது." இதுதான் சரி.

ஒரு பக்கம் காலியாக இருந்தது. சென்னைக்கு வடக்கே உள்ள ஏரிகளைப் பற்றி ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் போட்ட புத்தகம் அது. (புத்தகத்தின் பெயரையும் இன்ஜினியரின் பெயரையும் சொல்ல மாட்டேன். நீங்கள் தேடிப் போய் விலை ஏற்றிவிடுவீர்கள்.) கூழாக்குவதற்காகப் பக்கத்துத் தாள் ஆலைக்கு வந்த பழைய தாள் மூட்டையிலிருந்து ஸ்டீபன் அதைக் காப்பாற்றியிருந்தான். எல்லாப் படங்களும் இருந்தன, ஒன்றைத் தவிர. அந்தப் பக்கத்தில் நான்கு மூலையிலும் பழுப்பாகக் கோந்துத் தடம். யாரோ நிதானமாக, ஓரம் கிழியாமல் உரித்து எடுத்திருக்கிறார்கள். கீழே ஆங்கில விளக்கம் மட்டும் அப்படியே இருந்தது. தமிழில் சொன்னால்:

"ஏரியின் மதகு. உயரம் தெரிவதற்காக ஒரு கூலியாள் நிறுத்தப்பட்டுள்ளான்."*

* கூலியாள் என்பதற்கு முன்னால் ஒரு சாதிப் பெயரும் அச்சாகியிருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அதை எப்படி எழுதுவார்களோ அப்படி. அதை நான் இங்கே எழுத மாட்டேன். ஸ்டீபனுடைய கொள்ளுத்தாத்தாவை ஊரார் எந்தப் பெயரால் கூப்பிட்டார்களோ, அதே பெயர்.

ஒரு படம் குறைந்தால் புத்தகம் ஊனம். சேகரிக்கிறவனைக் கேட்டால் தெரியும், அவனுக்கு இருப்பது கண்ணில் படாது, இல்லாததுதான் படும். அந்த ஒரு படத்துக்காக ஸ்டீபன் எந்தக் கடையில் எந்தக் குப்பையைக் கிளறவும் தயார்.

3

ரம்யாவை இப்போது கொண்டுவர வேண்டும். முதலில் அவளைக் கதையில் காதலியாக்கிப் பார்த்தேன். ஸ்டீபன் பதறிவிட்டான். "சார், எனக்குக் கல்யாணமாகி பொண்ணு ஏழாவது படிக்குது, ஏன் சார் பேஜாரு பண்றீங்க?" சரி, காதல் ரத்து.

ரம்யா அதே ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறாள். சோழவரத்துக்குப் பக்கத்துக் கிராமம், நெல் நிலம் உள்ள குடும்பம். கேன்டீனில் ஸ்டீபன் அந்தப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டியபோது, வேறொரு கோணத்தில் எடுத்த மதகுப் படத்தைப் பார்த்துத் துள்ளிவிட்டாள்.

"அண்ணே! இது எங்க ஏரி. இந்த மதகு மேல எங்க பெரியவரு நிக்கற போட்டோ எங்க ஊட்டு சாமி மாடத்துல இருக்குது!"

அன்று சாயங்காலமே அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். காலியான பக்கத்தையும் அதன் கீழே இருந்த வரியையும் அவள் பார்த்தது மறுநாள்தான். அதற்குள் அம்மா குப்பம்மாள் சொல்லியனுப்பிவிட்டாள்: அந்த ஆளை புக்கோட இட்டுக்கினு வா, எங்க பெரியவரைப் பத்தி அதுல இன்னா போட்டிருக்கான்னு தெரியணும்.

4

முதல் வரைவு இப்படிப் போனது:

"குப்பம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக ஸ்டீபனை உள்ளே அழைத்துப் பாயில் உட்காரவைத்தாள். வெள்ளி டம்ளரில் மோர்" —

நன்றாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஸ்டீபனுக்கு அனுப்பி வைத்தேன். உடனே ஃபோன் வந்தது.

"உள்ளயா? யாரு சார் உள்ள போனது? போர்டிகோல பிளாஸ்டிக் சேர் போட்டாங்க. பேப்பர் கப்புல டீ. அவங்க எவர்சில்வர் டம்ளர்ல குடிச்சிக்கினு இருந்தாங்க."

"கோபமா பேசினாங்களா?"

"சேச்சே. ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க. வெயில்ல வந்துக்கினு இருக்கியேப்பான்னு ஃபேன் கூட இழுத்துப் போட்டாங்க. நீங்க உள்ளன்னு எழுதினதாலதான் சொல்றேன்."

திருத்திவிட்டேன். போர்டிகோ, பிளாஸ்டிக் சேர், பேப்பர் கப். வாசகரே, மேலே அடித்த வரியை நான் அழிக்காமல் விட்டிருப்பது வேண்டுமென்றேதான்.

5

குப்பம்மாள் படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து ஈரத் துண்டு கட்டியிருந்தாள். ஸ்டீபன் எழுந்து நின்றுவிட்டான். கோந்துத் தடம், மூலை வெட்டு, பழுப்பு நிறம், எல்லாம் பொருந்தின. அவன் புத்தகத்தின் படமேதான்.

ஆனால் படத்தில் முகம் போய்க்கொண்டிருந்தது.

வர்தா புயலில் ஜன்னல் பிய்ந்து விழுந்தபோது படத்தின் கண்ணாடி உடைந்துவிட்டது. அதற்கு முன்னால் எல்லோர் வீட்டிலும்போலக் கண்ணாடி மேல்தான் பொட்டு. அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் படத்திலேயே நேராகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். அந்தக் காலத்துப் படத்தாளில் முட்டையின் வெள்ளைக்கருதான் பூசியிருப்பார்கள். ஈரச் சந்தனம் பட்டுப் பட்டு அது செதில் செதிலாகக் கிளம்பி, நெற்றி போய், ஒரு புருவமும் போய்விட்டது. (வெள்ளிக்கிழமை முட்டை உடைக்காத வீட்டின் சாமி மாடத்தில் இத்தனை காலமும் முட்டை இருந்திருக்கிறது. இந்தச் சங்கதியைக் குப்பம்மாளிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.)

"அம்மா, தயவுசெஞ்சு இனிமே இது மேல ஈரம் வெக்காதீங்க. இன்னும் கொஞ்ச நாள்ல மூஞ்சியே இருக்காது. ஒரு கண்ணாடியாவது போடுங்க."

"கண்ணாடி மேல வெச்சா பொட்டு கண்ணாடிக்குத்தானப்பா? இப்பத்தான் பெரியவரு நெத்தியிலயே வெக்கறேன்."



ஸ்டீபன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "இவருதான் உங்க பெரியவருன்னு யாருமா சொன்னாங்க?"

குப்பம்மாள் சிரித்தாள். "இதுக்கு யாரு சொல்லணும்? எங்க ஊட்டுப் பெரியவரு வீரராகவன் தேங்கா ஒடச்சி மொதல்ல கால் வெச்சாத்தான் அந்தக் காலத்துல மதகே தொறப்பாங்க. வேற எவனாவது அது மேல ஏறிட முடியுமா? ஏறினா கால ஒடச்சிருப்பாங்க. அப்போ மதகு மேல நிக்கறது வேற யாரா இருக்கும், நீயே சொல்லு."

ஸ்டீபன் படத்தைப் பார்த்தான். இடுப்பில் ஒரு துண்டுத் துணி. முழங்கால் வரை காய்ந்த சேறு. கையில் அளவுகோல், இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்திருக்கிறான். தேங்காய் உடைத்துவிட்டு இறங்கிப் போகிறவன் இப்படி நிற்க மாட்டான். மதகுக் கண்ணில் முங்கி அடைப்பை இழுத்தவன், வெள்ளைக்காரன் ஏறச் சொன்னதால் ஏறி நிற்கிறான். அன்று ஒரு நாள் மட்டும் அவனை ஏற விட்டிருக்கிறார்கள். ஸ்டீபனின் அப்பா தானியேல் அதே ஏரிப் பாசன வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். அந்த வீட்டு வயலிலும்தான்.

"சரி, புக்கைப் பிரி" என்றாள் குப்பம்மாள். "பெரியவரு பேரு போட்டுக்குதா? போட்டிருந்தா படத்தை உங்கிட்டயே குடுத்துடறேன், பேரோட புக்குல இருக்கட்டும். நான் ஒரு காப்பி எடுத்து மாட்டிக்கறேன்."

6

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன. எனக்கு முடிவுப் பஞ்சம் வந்ததே இல்லை.

முதல் முடிவு. "வீரராகவன்னு போட்டிருக்குதும்மா" என்கிறான். அவள் கண் கலங்குகிறது. படம் கைக்கு வருகிறது, முகம் தப்பிக்கிறது, புத்தகம் முழுசாகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். சேற்றுக் காலோடு நிற்பவன் மட்டும் இனி எந்தக் காலத்திலும் அவனாக இருக்கப்போவதில்லை.

இரண்டாம் முடிவு. உள்ளதைப் படிக்கிறான், சாதிப் பெயரோடு. குப்பம்மாள் கையிலிருந்த படத்தைக் கீழே வைக்கிறாள். "எடுத்துக்கினு போ." அப்போதும் படம் அவனுக்குத்தான். ஆனால் இத்தனை வருஷம் தலைக்குக் குளித்துவிட்டு அவள் பொட்டு வைத்த நெற்றி, ஒரு நிமிஷத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது. படத்து ஆளோடு ஸ்டீபனும். அடுத்த வாரம் கேன்டீனில் ரம்யா அவனைப் பார்த்து எப்படித் தலை நிமிர்வாள்?

மூன்றாம் முடிவு. "ஒன்னும் போடலம்மா" என்று புத்தகத்தை மூடிவிடுகிறான். படம் மாடத்துக்குத் திரும்புகிறது. உள்ளே நுழைய முடியாத வீட்டில் அந்த ஆள் வெள்ளிக்கிழமைதோறும் கும்பிடப்படுகிறான். கும்பிடக் கும்பிட அவன் முகம் அழிகிறது.

மூன்றாவதுதான் கலை என்று முடிவு செய்தேன். அழகாக எழுதியும்விட்டேன். கடைசி வரியில் எனக்கே புல்லரித்தது.

7

ஸ்டீபனுக்கு அனுப்பினேன். ரயிலில் பார்த்தபோது தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

"நல்லா இருக்குது சார்."

"நெஜமா இன்னா நடந்துது? அங்க இன்னா சொன்ன?"

"அத சொல்ல மாட்டேன்."

"ஏன்பா?"

அவன் வெளியே பார்த்தான். பொன்னேரி ஸ்டேஷன் வந்து போனது.

"மூனு முடிவு எழுதிக்கிறீங்க. மூனுலயும் நான்தான் வாயத் தொறக்கணும், நான்தான் பொய் சொல்லணும், இல்லன்னா நான்தான் அவங்க சாமிய ஒடைக்கணும். ரம்யா படிச்ச பொண்ணு இல்லியா? அவளுக்கும்தான் இங்கிலீஷ் தெரியும். நீங்க ஒருக்கா அந்த ஊட்டுக்குப் போயிருந்தா உங்கள எங்க உக்கார வெச்சிருப்பாங்க சார்?"

உள்ளே. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கும் அவர்களுக்கும் இரண்டு தலைமுறைக்கு முன்னால் பெண் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். இதை நான் கதையில் எங்கேயும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"போயி நீங்க படிச்சிக் காட்டுங்க" என்றான் ஸ்டீபன். கோபம்கூட இல்லை. எனக்கு முகம் எரிந்தது.

8

ஆகவே மூன்று முடிவுகளையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஸ்டீபனைக் கதையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பிவிட்டேன், அவனுக்கு மதிய ஷிஃப்ட். புத்தகத்தை மட்டும் ஒரு நாளைக்குக் கடனாக வாங்கிக்கொண்டேன்.

இது வெள்ளிக்கிழமை. நான் அந்த வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு டம்ளரில்தான் கொடுத்தார்கள். எதிரே குப்பம்மாள், கையில் படம், மோதிர விரலில் குழைத்த சந்தனம். ரம்யா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவள் வாயைத் திறக்கப்போவதில்லை. காலியான பக்கம் விரிந்து கிடக்கிறது.

"இன்னா போட்டிருக்கான், படிங்க" என்கிறாள் குப்பம்மாள்.

நான் வாயைத் திறந்தேன். ஆலைக் கேன்டீன், புயல், முட்டை என்று இவ்வளவு நேரம் உங்களிடம் தங்குதடையில்லாமல் பேசிய அதே வாய். ஒரு வார்த்தை வரவில்லை.

வாசகரே, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். உங்களையும் உள்ளேதான் கூப்பிட்டார்களா, போர்டிகோவிலேயே நிறுத்திவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். புத்தகத்தை உங்கள் பக்கம் திருப்புகிறேன். அந்த வரி, அடிக்குறிப்பில் நான் எழுதாமல் விட்ட பெயரோடு, அப்படியே இருக்கிறது. சந்தனம் இன்னும் காயவில்லை.

படியுங்கள்.