பிரகதாம்பாள் விட்டுவிட்டு வந்த கோபம்

குடவாசலுக்குத் தெற்கே அருகந்திடல் ஜைனக் கோயிலின் முன்மண்டபத்தில், கிழக்கு வரிசைத் தூண் ஒன்றின் அடியில், பிரகதாம்பாளின் கோபம் ஆடியிலிருந்து ஆவணி முடியும்வரை இருந்தது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் தெரியாது. கையை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுடும். பக்கத்தில் போனால் கடுகு தீய்ந்த வாசனை வரும். அந்த மண்டபத்தில் யாரும் எந்தக் காலத்திலும் கடுகு தாளித்ததில்லை. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் தரணேந்திரன் நயினார் அந்த இடத்தைச் சுற்றி மயிற்பீலியால் மெதுவாகப் பெருக்கினார். அங்கே எறும்பைக்கூட விரட்டுவது கிடையாது, கோபத்தை எப்படி விரட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அது அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் பிரகதாம்பாளின் மகள் வானதிதான். சென்னையில் வங்கி வேலை. லீவில் சொந்த ஊரான மருதத்தோப்புக்கு வந்தவள் போனில் எதையோ பார்த்துவிட்டு, இருபது நிமிஷ தூரத்தில் இவ்வளவு பழைய கோயிலை வைத்துக்கொண்டு நீங்கள் எட்டிக்கூடப் பார்த்ததில்லையா என்று ஆரம்பித்தாள். மறுநாளே வாடகைக் கார் வந்தது. கோயிலுக்குப் போவதென்றால் பிரகதாம்பாளுக்குத் தெரிந்தது தேங்காய், பழம், வெற்றிலை, கூடவே ஒரு வேண்டுதல். கூடையை எடுத்தபோதே வானதி பிடுங்கி வைத்தாள். தேங்காய் உடைக்கக் கூடாது, மணியை ஓங்கி அடிக்கக் கூடாது, திருநீறு எங்கே என்று கேட்கக் கூடாது, சாமிக்கு ஏன் நகை போடவில்லை என்று கேட்கவே கூடாது. "அம்மா, அது அவங்க இடம். மரியாதையா பாத்துட்டு வரணும்." இதை அவள் வழிநெடுகச் சொன்னாள். மரியாதை தெரியாதவள் என்று பெற்ற பெண்ணே நினைக்கிறாளே என்று பிரகதாம்பாளுக்குக் காரிலேயே தலை சூடாகிவிட்டது.

கோயில் வாசலில் அடுத்தது. தோல் சாமான் உள்ளே ஆகாது என்று போர்டு இருந்தது. கணவர் ராஜராஜன் வேட்டியின் மேல் எப்போதும் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டை வானதி கழற்றச் சொன்னாள்.

"இது ரெக்ஸின்டி."

"கொக்கிகிட்ட பாருங்கப்பா. தோல்."

"அந்த ஒரு இஞ்சுக்கா?"

"ஒரு இஞ்சு மாட்டுக்கு வலிக்காதா?"

அவர் பெல்ட்டை காரில் போட்டார். முப்பது வருடமாக அந்த பெல்ட்டை நம்பியே வேட்டி கட்டியவர், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே மூலவர் ஆதிநாதரைச் சுற்றி வந்தார். சிலை கருங்கல்லில் கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. மேலே நகையோ பட்டோ ஒன்றும் இல்லை. பிரகதாம்பாள் கேட்கவில்லை. கேட்காத கேள்வியும் காரில் ஏறிய சூட்டோடு சேர்ந்துகொண்டது.

சன்னதியில் அவள் கை தானாகக் குவிந்து, வாயும் வேண்டுதலை ஆரம்பித்தபோது நயினார் கூச்சத்தோடு குறுக்கிட்டார். இவர் எதையும் கொடுக்க மாட்டார், எதையும் வாங்கிக்கொள்ளவும் மாட்டார் என்றார். வந்து பார்த்ததன் நினைவாக யாராவது விரும்பினால் எதையாவது ஒன்றை விட்டுவிட்டுப் போவது மட்டும் இந்தக் கோயிலில் வழக்கம். இதைக் கேட்டதும் ராஜராஜனுக்கு நிம்மதி. காசிக்குப் போனவர்கள் காய் விட்டுவிட்டு வருவது அவருக்குத் தெரிந்த விஷயம். அந்த ஊர்ப்பக்கம் எல்லோரும் பிடிக்காத காயாகப் பார்த்துத்தான் விடுவார்கள், சுரைக்காய் விட்ட குடும்பங்களை எண்ணி முடியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "கொத்தவரங்காய்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கொத்தவரங்காயைத் தட்டின் ஓரமாகத்தான் ஒதுக்குகிறார். பிரகதாம்பாளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. மரியாதை என்று மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சாமி முன்னாலேயே இந்த மனிதர் ஏமாற்றுகிறார். அந்த நேரத்தில் நயினார் அவள் பக்கம் திரும்பினார். அப்போது அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"கோபம்" என்றாள்.

நயினார் தலையசைத்தார். வானதி அம்மாவைப் பெருமையோடு பார்த்துவிட்டு நாலு போட்டோ எடுத்தாள், அனுப்பிவைக்கிறேன் என்று நயினாரிடம் தன் நம்பரோடு அம்மா நம்பரையும் கொடுத்து, அவர் நம்பரை வாங்கிக்கொண்டாள். பிரகதாம்பாள் மண்டபத்தைக் கடக்கும்போது தூணில் கை ஊன்றிப் படி இறங்கினாள். அவ்வளவுதான். கங்கையாக இருந்தால் போட்டதை எடுத்துக்கொண்டு போயிருக்கும். இங்கே வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால், கோபம் விட்ட இடத்திலேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் விஷயம் தெரிந்தது. ராஜராஜன் குளித்துவிட்டு ஈரத்துண்டை மெத்தையின் மேல் போட்டார். பிரகதாம்பாள் வாயைத் திறந்தாள். உள்ளே தேடினாள். ஒன்றும் இல்லை. "சரி" என்றுதான் வந்தது. அவர் பயந்துபோய்த் துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். ஒரு வாரம் பயந்தார். அப்புறம் பழகிவிட்டது, துண்டும் மெத்தைக்கே திரும்பியது. கோபம் போனால் கூடவே சலிப்பும் போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் விட்டது கோபத்தை மட்டும்தான். சலிப்பு முழுசாக இருந்தது, வெளியே போக வழியில்லாமல் நாளுக்கு நாள் ஊறியது. காஸ் சிலிண்டர்காரன் வாசலில் வைத்துவிட்டு ஓடினான், சரி. பக்கத்து வீட்டு ஆடு முருங்கைக் கன்றைத் தின்றது, சரி. ஊர்ப் பெண்கள் அவள் முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது என்றார்கள். ஒருத்தி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "உங்க கையால நெத்தியில திருநீறு பூசி விடுங்கக்கா, அழுகை நிக்கட்டும்" என்றாள். பிரகதாம்பாள் பூசிவிட்டாள். வேறு என்ன செய்வது? குழந்தை முன்பைவிடப் பலமாக அழுதது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் விஷயம் அப்படி இல்லை. அவர்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. அதற்கு மேலே ராஜராஜனின் பங்காளியும் சித்தப்பா முறையுமான வைரக்கண்ணுவின் வயல். முறைத் தண்ணீர் வரும்போதெல்லாம் அவர் மண் நிரப்பிய சாக்கைக் கீழ்மடையில் வைத்து அடைத்துவிட்டு, தன் வயல் தளும்பும்வரை எடுக்க மாட்டார். பிரகதாம்பாள் வாய்க்கால் கரையில் நின்று கத்துவாள். அவர் தாத்தாவில் தொடங்கி அவர் வளர்த்த கோழிவரை ஒன்றும் மிச்சம் வைக்க மாட்டாள். அவர் முனகிக்கொண்டே வந்து சாக்கை எடுப்பார். தண்ணீர் திறந்துவிடும் சர்க்கார் ஆளான லஸ்கர்கூட மடைகளைப் பார்த்துப்போக வரும்போது, அந்த அம்மா கத்தியாச்சா என்றுதான் கேட்பார். வாய்க்கால் வெட்டிய காலத்திலிருந்து பாசனம் அப்படித்தான் நடந்துவந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அந்த ஆவணியில் நாற்றங்கால் விட்டாயிற்று. விதை முளைத்துப் பச்சை கட்டும் சமயத்தில் மடை அடைபட்டது. பிரகதாம்பாள் கரைக்குப் போனாள். வைரக்கண்ணு வழக்கம்போல் மடையோரம் துண்டை விரித்து உட்கார்ந்து, திட்டு வாங்கத் தயாராக இருந்தார்.

"மாமா, தண்ணி கொஞ்சம் வரலீங்க."

அவர் காதைக் குடைந்துகொண்டு காத்திருந்தார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் மாமா."

"அப்ப சரி" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். சாக்கு அங்கேயே இருந்தது. நாற்றங்கால் முதலில் வெளிறியது, பிறகு ஓரங்களில் வெடிப்பு விட்டது. ராஜராஜன் போய்ப் பேசினார். பேசிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தார். அந்த நாற்று போனால் சம்பாவே போய்விடும். பிந்தி விட்டால் இளம்பயிர் ஐப்பசி மழையில் மூழ்கும், விடாவிட்டால் வயல் தரிசு. பிரகதாம்பாள் வரப்பில் நின்று வெடிப்பைப் பார்த்தாள். கோபம் வர வேண்டிய இடத்தில் வெறும் சலிப்புதான் இருந்தது.

அன்றைக்குத்தான் நயினாரிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரித்தார், மழை பற்றிப் பேசினார், கடைசியில் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க விட்டுட்டுப் போனது இன்னும் இங்கதான் இருக்கு. வர்றவங்க எல்லாம் அந்தத் தூண்கிட்ட வந்ததும் செல்போனை உள்ள வச்சிடறாங்க, பேச்சை நிறுத்திடறாங்க. அது ஒரு வகையில நல்லதுதான். ஆனா எறும்பெல்லாம் பாதையை மாத்திக்கிச்சு. பாவமா இருக்கு."

பிரகதாம்பாள் பஸ் பிடித்துப் போனாள். இந்த முறை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. செருப்பை வெளியே விட்டாள், தோல் பர்ஸுக்குப் பதில் மஞ்சள் துணிப்பை எடுத்துவந்திருந்தாள், கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். தூணின் முன் குனிந்து, "வா" என்றாள். வரவில்லை. தொட்டாள், சுட்டது. தன் கோபமே தன்னைத் தெரியாததுபோல் இருந்ததில் அவளுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. நயினாரிடம் வழி கேட்டாள். விட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிற வழக்கம் இல்லையே என்று அவர் கையைப் பிசைந்தார். "எனக்கும் இது முதல் தடவைம்மா. இதுக்கு முன்னாடி எல்லாரும் சுரைக்காய்தான் விட்டிருக்காங்க."

கிளம்புமுன் அவள் தூணில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே தன் குரலே தணிந்த சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஈரத்துண்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நீயெல்லாம் ஒரு மனுஷனா, அந்தச் சாக்கை எடு, உன் தாத்தா சோத்துல மண்ணு, எடு சாக்கை என்று திரும்பத் திரும்ப அதே பாட்டுதான். அது தன்னுடையது அல்ல, இத்தனை வருடமாக வைரக்கண்ணுவுக்கென்று வளர்ந்தது என்று பிரகதாம்பாளுக்குப் புரிந்தது. உரியவரிடம் சேர்க்க வேண்டியதுதான்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், மாமா, அருகந்திடலில் ஒரு கோயில் இருக்கிறது, நல்ல நிழல், காற்று, கூட்டமே கிடையாது, வந்து பாருங்கள் என்று அழைத்தாள். வைரக்கண்ணு அவளை ஏற இறங்கப் பார்த்தார். சாக்கைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. ஏதாவது பத்திரத்தில் கையெழுத்து வாங்கவா என்று கேட்டார், இல்லை என்றாள். அவர் மனைவி இறந்தபின் அவரை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை. சலவை வேட்டி கட்டிக்கொண்டு தன் மொபெட்டில் வந்து சேர்ந்தார். பிரகதாம்பாள் பஸ்ஸில் முன்னதாகவே போய் வாசலில் நின்றிருந்தாள்.

"மாமா, பெல்ட்டைக் கழட்டிடுங்க."

"இது ரெக்ஸின்மா."

"கொக்கிகிட்ட தோலுங்க."

அவரும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றினார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், அதை மறைக்கக் கூடாது. எதையாவது விடலாம் என்று நயினார் சொன்னபோது வாழைப்பூவை விட்டார். ஆய்வதற்கு ஆள் இல்லாததால் அவர் வீட்டில் வாழைப்பூ சமைத்தே வெகுகாலம் ஆகியிருந்தது. பிறகு முதுகு பிடிக்கிறது என்று மண்டபத்துக்கு வந்தவர், தேடிப்பிடித்ததுபோல் அந்தத் தூணிலேயே சாய்ந்தார். "ஆகா, கல்லு என்ன இதமா இருக்கு. ஒத்தடம் குடுத்த மாதிரி" என்று கண்ணை மூடினார், தூங்கியும் போனார். தூக்கத்தில் அவர் புருவம் நெளிந்தது. இரண்டு முறை, "எடுக்கறேன், எடுக்கறேன்" என்றார். எழுந்தபோது முதுகுவலி போயிருந்தது. பிரகதாம்பாள் தூணைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. வைரக்கண்ணுவின் மொபெட், பின்னால் கனமான ஆளை ஏற்றியதுபோல் அமுங்கிக்கொண்டே போனது. தெரு திரும்பும்வரை கடுகு தீய்ந்த வாசனை அடித்தது.

கோபம் அவர் வீடுவரை போகவில்லை. வழியில் மடையிலேயே இறங்கிக்கொண்டது. மறுநாள் காலையில் சாக்கு கருகி, மண் சரிந்து, வாய்க்கால் கீழே ஓடிக்கொண்டிருந்தது. வைரக்கண்ணு வேறு சாக்கு கொண்டுவந்தார், புகைந்தது. நனைத்து வைத்தார், ஆவியாகி வெடித்தது. கையில் கொப்புளத்தோடு அவர் பிரகதாம்பாளின் வாசலுக்கு வந்து நின்றார்.

"பிரகதா, நீ நேராவே ஒரு தடவை திட்டிடும்மா. கேட்டுக்கறேன். கிட்டப் போனாலே அது ஆரம்பிச்சிடுது, கோழியையும் விடல. நிறுத்தவே மாட்டேங்குது."

"என்கிட்ட இல்லீங்களே மாமா" என்றாள் அவள். அது உண்மை.

"வேற வழியே இல்லையா?"

"சாக்கை வைக்காதீங்க."

அவர் கையை விரித்துக் கொப்புளத்தைக் காட்டினார். பிறகு புண்ணுக்கு எண்ணெய் கேட்டார், கொடுத்தாள்.

மடையைத் தாண்டி வந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நாற்று நிமிர்ந்தது, வெடிப்பு மூடியது, நேரத்தோடு நடவும் நடந்தது. சூட்டில் பயிர் கெட்டுவிடும் என்றார்கள், கெடவில்லை. லஸ்கர் வந்து தண்ணீரில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, கீழ்மடையில் வெந்நீர் என்று ஆபீசில் சொன்னால் யார் நம்புவார் என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். மார்கழியில் ஊர்ப் பெண்கள் அங்கேதான் குளிக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்கள் திருவிடைமருதூரிலிருந்துகூட வருகிறார்கள், வந்து காலை நனைத்துக்கொண்டு, யாரோ ஒரு வைரக்கண்ணுவைப் பற்றிய திட்டை முழுசாகக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். எறும்புகள் பழைய பாதைக்கே வந்துவிட்டன என்று நயினார் போட்டோ அனுப்பியிருந்தார்.

ராஜராஜன் ஈரத்துண்டை இன்னும் மெத்தையின் மேல்தான் போடுகிறார். பிரகதாம்பாள் பெருமூச்சு விட்டு அதை எடுத்துக்கொண்டு மடைக்குப் போகிறாள். வெதுவெதுப்பான தண்ணீரில் கணுக்கால்வரை நின்று, தன் குரல் ஓயாமல் கத்துவதைக் கேட்டுக்கொண்டே துவைத்துப் பிழிகிறாள். கரையேறுவதற்குள் துண்டு காய்ந்துவிடுகிறது.