பேணாட்டின் வலதுகை

செபமாலை மறுபடியும் நழுவிச் சவப்பெட்டிக்குள் விழுந்தது. றொஷானி அதை எடுத்து அப்பாவின் வலதுகையில் திரும்பவும் சுற்றினாள். பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சிய கையில் எந்த மாலைதான் நிற்கும்? மற்ற மூன்றையும் இளமையிலேயே டைனமைட் தின்றுவிட்டது. மீனுக்கு எறியவேண்டியது கையிலேயே வெடித்தது. அன்றிலிருந்து உப்புவெளியில் அவர் பெயர் ரெண்டுவிரல் பேணாட். அந்தக் கையைச் சாரத்து மடிப்புக்குள் ஒளித்தே மனுஷன் காலத்தை ஓட்டிவிட்டார்.

"லேஞ்சியைப் போட்டு மூடிவிடு பிள்ளை," என்றாள் பக்கத்துவீட்டுச் சிவாஜினி. "உயிரோட இருக்கேக்கயே காட்டாத மனுசன்."

றொஷானி மறுக்கவில்லை. தன் கைக்குட்டையை விரித்து மூடிவிட்டாள். தலைமாட்டில் கதிரையில் இருந்த அம்மா சீலா அதையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி றிக்சனை மறியலிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அவனும் டைனமைட்டால்தான் உள்ளே போனவன். ஒன்றரை வருடத் தண்டனை. அவன் சாமானை ஒளித்துவைத்த இடத்தைப் பொலிசுக்குச் சொன்னவர் அப்பாதான். றொஷானியின் போனை வாங்கி, அவள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். நேற்று மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும் அதே கதைதான்: "அவனிட்டச் சொல்லிப்போடு. தெரியாமல் என்னைத் தொடவிடாத."

சொன்னால், ஒரே மகன் தொடாமலே அப்பா மண்ணுக்குப் போகக்கூடும். சொல்லாவிட்டால், செத்தவரின் சொல்லை மீறவேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இன்றைக்கு மத்தளம் அவள்தான்.

வாகனம் வந்து நின்றது. மறியல்காரன் மெலிந்து தலைகுனிந்து வருவான் என்று காத்திருந்த சனத்துக்குப் பெரிய ஏமாற்றம். றிக்சனுக்குக் கன்னத்தில் சதை வைத்திருந்தது. எல்லாருக்கும் நிமிர்ந்து தலையாட்டிக்கொண்டே வந்தான். படலையடியில் காவலர் விலங்கைக் கழற்றிவிட்டார்.

றொஷானி வாசலில் அவனை மறித்தாள்.

"நில் தம்பி. உன்னைக் காட்டிக்குடுத்தது அப்பா."

சுற்றிவளைத்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

"தெரியும் அக்கா," என்றான். "பொலிஸ் நேரா அந்தப் பழைய வள்ளத்தடிக்குத்தானே வந்தது. அந்த இடத்தை எனக்குக் காட்டினதே அவர்தான். வேற ஒருத்தருக்கும் தெரியாது."

"கோவம் இல்லையோ?"

"ரிமாண்டில இருக்கேக்க இருந்தது. அதுதான் அக்கா உண்மையான மறியல். எப்ப விடுவினம் எண்டு தெரியாது, நித்திரையும் வராது. தீர்ப்புச் சொன்ன அண்டைக்குத்தான் குறட்டை விட்டனான்." சிரித்தான். "உள்ளுக்கு ஒருத்தன் விதி எண்டுவான். ஒருத்தன் தான் செய்யவே இல்லை எண்டு சத்தியம் பண்ணுவான். நான் நீதவானைத் திட்டிக்கொண்டு திரிஞ்சனான். என்னை விட்டிருந்தா அடுத்த கிழமையே திரும்ப வெடி போட்டிருப்பன், அதையும் சொல்லவேணும். பிறகு ஒருநாள் சோறு குழைச்சுக்கொண்டு இருக்கேக்க, என்ர கையைப் பார்த்தன். அஞ்சு விரலும் அப்பிடியே இருந்தது."

றொஷானி வழிவிட்டாள்.

பெட்டியடிக்குப் போனவன் முதலில் லேஞ்சியை எடுத்தான்.

"தம்பி, சனம் பார்க்கும்," என்றாள் சிவாஜினி.

"பார்க்கட்டும்."

கிழிந்த வலைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு, செபமாலையை அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவே இறுக்கினான். மாலை நின்றது. மொட்டையாய்ப் போன அந்த இடத்தில் குனிந்து உதடு பதித்துக் கொஞ்சினான். றொஷானிக்கு அதுவரை அடங்கியிருந்த அழுகை வந்தது. ஆசைதீர அழுதாள்.

கல்லறையில் மண் போட்டு வீட்டுக்கு வந்ததும் காவலர் தயங்கிக்கொண்டே கிட்ட வந்தார். "தம்பி, நேரம்."

றிக்சன் கைகளை நீட்டினான். அம்மா கதிரையை விட்டு எழும்பி வந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பெருவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாக இழுத்து நெட்டி முறித்தாள். ஒன்று சத்தம் போடவில்லை. அதைத் திரும்பவும் இழுத்தாள்.

காவலர் திறந்த விலங்கோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.