களை முளைக்காத மண்

"துப்பு! வாயில இருக்கறதைத் துப்பு!"

ஓடி வந்த மூத்த மருமகள், இளையவளின் தட்டைப் பிடுங்கிக் கீரையோடு சாக்கடையில் கொட்டினாள். ஐந்து மாதக் கர்ப்பிணியான இளையவள், வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் விழித்தாள். அடுப்படியிலிருந்து மாமியார் கரண்டியோடு வந்தாள்.

"பிள்ளைத்தாச்சி தட்டைப் பிடுங்கறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? உன் வயித்துல வந்தது விளங்காம போச்சுன்னு அவளுக்கும் விளங்கக் கூடாதா?"

விளங்காமல் போனது என்று அவள் சொன்னது, சுவரோரம் உட்கார்ந்து விரல் சப்பிக்கொண்டிருந்த பேத்தியைத்தான். அந்தக் குழந்தைக்குக் கிளி என்று பெயர் வைத்ததும் இதே பாட்டிதான். நடக்கும் முன்பே வாய் ஓயாமல் பேசியதாம். இப்போது ஆறு வயது. இருந்த பேச்சும் போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"அத்தை, நர்ஸம்மா உங்க எதிர்லதானே சொன்னாங்க? கிளி ரத்தத்துல ஈயம் இருக்காம். நம்ம பாத்தி மண்ணு பூரா ஈயமாம். அதுல விளையறதைத் தின்னக் கூடாதாம்."

"ஈயத்துலதான்டி இந்த வீட்டு அடுப்பே எரியுது!"

அது பொய்யில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. மகன்கள் இருவரும் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கினார்கள். அந்தத் தூசியும் புகையும் படிந்த பாத்தியில்தான் மாமியார் கீரை போட்டிருந்தாள்.

பட்டறையிலிருந்து வந்த மூத்தவன், பெண்டாட்டி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "பட்டறையை மூடிட்டுத் தெருவுல நிக்கவா? வாயை மூடு," என்றான். டம்ளரைப் பிடித்த அவன் விரல்கள் நடுங்கின. வேலைக் களைப்பு என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அன்று முதல் மூத்தவள் அடுப்படிக்குள் வரக் கூடாது, காலையில் அவள் முகத்தில் இளையவள் விழிக்கக் கூடாது என்று உத்தரவானது. என்ன நியாயம் பாருங்கள்! விஷம் எல்லா அறையிலும் தாராளமாக இருந்தது. அதை விஷம் என்று சொன்னவளுக்குத்தான் இடமில்லை.

மறுநாள் பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, மூத்தவள் பாத்தியில் இறங்கிக் கீரையை வேரோடு பிடுங்கிப் போட்டாள்.

"வயித்தெரிச்சல் பிடிச்சவ! இவ கை பட்ட மண்ணு இனிமே ஆகாது," என்று மாமியார் கத்தினாள். பாத்தியில் வேறு மண் கொட்டச் சொல்லி, அதை அள்ளிவர இடத்தையும் அவளே காட்டினாள். பட்டறைக்குப் பின்னால், உடைத்த பேட்டரிகளின் ஆசிட் தண்ணீரைக் கொட்டும் குழியோரம்.

"அங்க பாரு, ஒரு புல்லு பூண்டு இருக்கா? களையெடுக்கற வேலையே இல்ல. சுத்தமான மண்ணு!"

"ஐயோ அத்தை, புல்லுகூட ஏன் மொளைக்கலன்னு யோசிங்க!" என்று மூத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உன் கண்ணு படாத இடம்டி அது. அதான்."

சின்ன மகன் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினான்.

துணி காயப்போடும் இடத்தில் இளையவள் மெதுவாக வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க சொல்றது நிஜம்னுதான் எனக்கும் தோணுது. ஆனா திங்கலன்னா என்னையும் உங்களோட சேர்த்து ஒதுக்கி வச்சிருவாங்க."

"வைக்கட்டும்டி. ரெண்டு பேரா இருப்போம்."

இளையவள் கிளியைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. மாமியார் கூப்பிடவும், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புது மண்ணில் விதைத்தது அத்தனையும் கருகிவிட்டது. ஒரு மூலையில் மட்டும் கைப்பிடி அளவு கீரை தப்பியது. மாமியார் அதைக் கண்ணும் கருத்துமாகப் பறித்துச் சமைத்து, இளைய மருமகளுக்குத் தன் கையாலேயே ஊட்ட உட்கார்ந்தாள்.

"தப்பிச்சது இது மட்டும்தான் கண்ணு. மண்ணோட சத்து மொத்தமும் இதுலதான் இறங்கியிருக்கும். வாயைத் திற."

இளையவள் திறந்தாள். கிளியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே ஜன்னலருகில் நின்ற மூத்தவள், "துப்புடி!" என்று கத்தினாள். ஒருவரும் திரும்பவில்லை.

"துப்பு," என்றது கிளி. இடுப்பிலிருந்து கையை நீட்டி, தெளிவாக, இன்னொரு முறையும் சொன்னது. "துப்பு."

மாமியாருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"கிளி பேசுதுடி! பார்த்தியா, புது மண்ணு வந்த ராசி! நீ முழுங்கு கண்ணு, முழுங்கு."

இளையவள் விழுங்கினாள்.